திரைக்குப் பின்னே: கோட்டுச் சித்திரம் எழுந்து நடந்த கதை

வண்டூர் அன்பர் ஒருவர் நமக்கொரு வினா விடுத்திருக்கிறார். "பத்திரிகைகளில் வரும் கேலிச் சித்திரங்களும் படக்கதைகளும் சினிமாவாக வந்ததுண்டா? உண்டெனில் அவற்றின் பின்னே நடந்த செய்திகளைத் தொகுத்துச் சொல்லலாகாதா? கைப்பேசியில் வடிவேலுவைத் துண்டு துண்டாகப் பார்த்துச் சிரிக்கும் எம் பிள்ளைகளுக்கு, அது எந்தப் படம், யார் எடுத்த படம் என்பதுகூடத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். இது நல்ல கேள்வி. காலத்திற்கேற்ற கவலையும் கூட. ஆகவே இத்திங்கள் நமது பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

தண்டவாளமே இல்லாத இத்தீவுகளில் இருந்துகொண்டு இரயில் பயணச் சீட்டுப் பதிவு செய்து கொடுப்பதே நமது பிழைப்பு என்பதை நேயர்கள் அறிவார்கள். கப்பலேறி ஏறத்தாழ மூன்று நாள் கடலைக் கடந்த பிறகே ஏறக்கூடிய வண்டிக்கு இங்கிருந்தே இடம் பிடித்துத் தருகிறோம். காணாத வண்டிக்குச் சீட்டெழுதிப் பழகிய நமக்கு, திரையில் முகம் காட்டாத மனிதர்களைப் பற்றி எழுதுவது அத்துணைக் கடினமன்று.

சித்திரமும் சிரிப்பும்

தமிழ்நாட்டில் நகைச்சுவைச் சித்திரத்திற்கு நெடிய மரபு உண்டு. ஆனந்த விகடனில் மாலி வகுத்துக் கொடுத்த வழியில் ராஜு, கோபுலு முதலிய ஓவியர்கள் நடந்தார்கள். நாலைந்து கோடுகளில் ஒரு மாமியாரையும், ஒரு மேலதிகாரியையும், சந்தியில் திண்டாடும் ஒரு குடும்பத் தலைவரையும் உயிருடன் நிறுத்திவிடுவது அவர்கள் கைவரிசை. தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு முதலில் 1942-இல் கதைத் தொடராக வந்தது. பின்னர் கோபுலுவின் தூரிகையில் அதுவே படக்கதையாகவும் உருவெடுத்தது. வழுக்கைத் தலையும் நீண்ட மூக்கும் உடைய அந்த அசட்டுத் துப்பறிவாளரைப் பின்னாளில் மேடை நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் மக்கள் கண்டு மகிழ்ந்தனர்.

வடநாட்டில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர் ஆர். கே. லக்ஷ்மண். 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளேட்டில் கட்டம் போட்ட சட்டையுடன் வாய் திறவாமல் நின்ற அவருடைய 'சாமானிய மனிதன்' நாடறிந்தவன். அந்த ஓவியரின் கருத்திலிருந்தே 'வாக்ளே கீ துனியா' என்னும் தொடர் பிறந்து, 1988-இல் தூர்தர்ஷனில் வெளிவந்தது. குந்தன் ஷா இயக்கினார். அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், பாரதி ஆச்ரேகர் இருவரும் கணவன் மனைவியாக நடித்தனர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவனின் இடர்ப்பாடுகளே அதன் கதை. 2021-இல் அடுத்த தலைமுறையின் கதையாக அது மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது, பழைய கணவன் மனைவியே தாத்தா பாட்டியாக நடித்தனர் என்பது சுவையான செய்தி.

ஆயினும் கேலிச் சித்திரக்காரர் ஒருவர் தாமே இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து, சித்திரத்தின் இலக்கணத்தை அப்படியே திரைக்குக் கொண்டு வந்ததற்குத் தமிழிலேயே சிறந்த சான்று இருக்கிறது. நம் பிள்ளைகள் துண்டு துண்டாகப் பார்க்கும் 'இம்சை அரசன் 23-ஆம் புலிகேசி'தான் அது.

விகடன் அலுவலகத்திலிருந்து சோழபுரம் அரண்மனைக்கு

இப்படத்தை இயக்கிய சிம்புதேவன் ஆனந்த விகடனில் கேலிச் சித்திரக்காரராகப் பணியாற்றியவர். இயக்குநர் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் நிறுவனம் தயாரிக்க, 2006 ஜூலையில் படம் வெளிவந்தது. அதுவரை பிறர் படங்களில் நகைச்சுவைப் பகுதிகளில் மட்டும் தோன்றி வந்த வடிவேலு, இதில்தான் முதன்முதலாகக் கதைத் தலைவரானார். அதுவும் இரட்டை வேடத்தில். ஒருவன் கோழையும் மூடனுமாகிய அரசன் புலிகேசி. மற்றவன் மக்களுக்காகப் போராடும் வீரன் உக்கிரபுத்தன்.

இரட்டைப் பிறவிக் கதை நமக்குப் புதிதன்று. 1940-இல் பி. யு. சின்னப்பாவும், 1958-இல் சிவாஜி கணேசனும் நடித்த உத்தமபுத்திரன் படங்களும், 1949-இல் ஜெமினி தந்த அபூர்வ சகோதரர்களும் நம் தாய் தந்தையர் கண்டு களித்தவை. அரண்மனையில் பிறந்த இரு குழந்தைகளுள் ஒன்று தீயோர் கையில் சிக்குவதும், மற்றொன்று மக்களிடையே வளர்வதும் அக்கதைகளின் அச்சு. சிம்புதேவன் அந்த அச்சை உடைக்கவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வார்த்த பொருளை மட்டும் மாற்றினார். நாசர் நடித்த சங்கிலி மாயன், ஆட்டிவைக்க வசதியாக அறிவு குறைந்த குழந்தையையே பொறுக்கி அரியணையில் ஏற்றுகிறான். அந்த ஒரு மாற்றத்திலேயே வீரக்கதை கேலிக்கதையாகிவிடுகிறது. கேலிச் சித்திரக்காரர் செய்வதும் இதுவே. எல்லோரும் அறிந்த முகத்தை எடுத்துக்கொண்டு மூக்கை மட்டும் சிறிது நீட்டிவிடுகிறார். முகமும் அடையாளம் தெரிகிறது, சிரிப்பும் வருகிறது.

படத்தின் காட்சிகளைச் சற்று உற்று நோக்கினால், ஒவ்வொன்றும் பத்திரிகையில் ஒரு கட்டத்துள் அடங்கும் துணுக்காகவே அமைந்திருப்பது விளங்கும். மல்லனின் உடலுக்கு மேல் தன் தலையை வரையச் செய்து, பிற்காலத்தார் நம்பட்டும் என்று மகிழும் அரசன் ஒரு துணுக்கு. சாதிச் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே மைதானம் அமைத்துத் திறந்து வைப்பது மற்றொன்று. அக்கமாலா, கப்சி என்று பெயர் சூட்டிய பானங்களை நாட்டுக்குள் விடுவது இன்னொன்று. கதை நடப்பது பதினெட்டாம் நூற்றாண்டில். நையாண்டி செய்யப்படுவதோ நம் காலத்தை. வசனத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இவற்றுட் பல சிரிப்பூட்டும். அது ஓவியர் ஒருவர் சிந்தித்த படம் என்பதற்கு அதுவே அடையாளம்.

திரைக்குப் பின்னே நின்ற மூவரை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாமவர் கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தி. பாரதி (2000) படத்திற்காகத் தேசிய விருது பெற்றவர்; 2020-இல் மறைந்தார். நகைச்சுவைப் படந்தானே, அட்டைக் கோட்டை போதாதா என்று அவர் எண்ணவில்லை. தூணும் திரைச்சீலையும் அரியணையும் மெய்யான பழங்காலப் படத்திற்குரிய கவனத்துடன் அமைந்தன. அரண்மனை மெய்யாக இருந்தால்தான் அதனுள் அமர்ந்த அரசன் பொய்யாகத் தோன்றுவான். இரண்டாமவர் பாடல்களை இயற்றிய புலவர் புலமைப்பித்தன். 1968-இல் எம்.ஜி.ஆர். நடித்த குடியிருந்த கோயில் படத்தில் எழுதிய அதே கை, எழுபது வயதில் இந்தக் கேலி அரசனுக்கும் பாட்டெழுதியது. மூன்றாமவரை இருவர் என்றே சொல்ல வேண்டும். அவர்கள் இசையமைத்த சபேஷ்–முரளி இரட்டையர். இவர்களோடு நாகேஷ், மனோரமா ஆகிய மூத்தோரும் நடித்தனர். வடிவேலுவுக்கு அவ்வாண்டின் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான தமிழக அரசு விருது கிடைத்தது.

செந்தமிழ் தெரிந்தால்தான் சிரிப்பு முழுமை

நம் குடும்பங்களுக்கு இப்படத்தில் ஒரு தனிப் பயன் உண்டு. புலிகேசியின் அவையில் எல்லோரும் பேசுவது செந்தமிழ். மக்களின் சிரிப்பு பிறக்கும் இடமும் அதுவே. வீரம் பேசுவதற்கென்று ஆன்றோர் வளர்த்த கம்பீரமான நடை, வெள்ளைக் கொடியை மடியில் வைத்திருக்கும் கோழையின் வாயிலிருந்து வருகிறது. சொல்லுக்கும் ஆளுக்கும் உள்ள தூரந்தான் நகைச்சுவை. அந்தத் தூரத்தை அளக்க வேண்டுமானால், முதலில் அந்தச் சொல்லின் உயரம் தெரிந்திருக்க வேண்டும்.

கடைத்தெருவிலும் படகுத்துறையிலும் விளையாட்டுத் திடலிலும் இந்தியே பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு, 'மாமன்னர்', 'அவை', 'ஓலை', 'படை திரட்டு' என்னும் சொற்கள் வீட்டில் காதில் விழுவதில்லை. அவர்கள் வடிவேலுவின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேச்சைக் கேட்டுச் சிரிப்பதில்லை. பாதிச் சிரிப்பு கடலில் போகிறது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வடம் இத்தீவுகளுக்குத் திறந்து வைக்கப்பட்ட பிறகு, படம் வந்து சேர்வதில் நமக்குத் தடை குறைந்துவிட்டது. மொழி வந்து சேர்வதற்கு அத்தகைய வடம் எதுவும் இல்லை. அதை வீட்டுப் பெரியோர்தாம் இழுத்துக்கட்ட வேண்டும்.

இரும்புக்கோட்டைக் குதிரைகள்

சிம்புதேவன் 2010-இல் எடுத்த இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம், படக்கதைப் பிரியர்களுக்கென்றே சமைத்த விருந்து. ராகவா லாரன்ஸ் தலைமை வேடம் ஏற்க, தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை வீரர்கள் தமிழ் பேசினர். ஊர் ஒன்றுக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர். கங்கா (1972), ஜக்கம்மா (1972) முதலிய கர்ணன் இயக்கிய குதிரை வீரப் படங்களில் நடித்த ஜெய்சங்கருக்குச் செலுத்திய மரியாதை அது.

அதே 1972-இல்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இதழ் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவரத் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் தொடர்ந்தது. ஐரோப்பிய நகைச்சுவைக் குதிரை வீரன் லக்கி லுக்கைத் தமிழ் பேசச் செய்தது அவ்விதழே. பாடப் புத்தகத்துள் மறைத்து வைத்து அவற்றைப் படித்த தலைமுறை இன்று தந்தையராகிவிட்டது. அவர்களுக்கு அப்படம் பழைய நண்பனைக் கண்டது போலிருந்தது.

இருபத்தெட்டுப் படங்கள் ஓடிய குடும்பம்

'தொடர்' என்று முழுமையாகச் சொல்லத்தக்க ஒன்றைக் காண அமெரிக்காவுக்குப் போக வேண்டும். சிக் யங் என்னும் ஓவியர் 1930 செப்டம்பர் 8-ஆம் நாள் 'பிளாண்டி' என்ற படக்கதையை நாளேடுகளில் தொடங்கினார். இளமஞ்சட் கூந்தலையுடைய ஆடம்பர நங்கை பிளாண்டி. அவளைக் காதலிக்கும் டாக்வுட் பெருஞ்செல்வரின் மகன். அச்செல்வர் இரயில்வே முதலாளி என்பதை நமது இலாகா சார்பில் பெருமையுடன் பதிவு செய்கிறோம். நாட்டில் வேலையின்மையும் பஞ்சமும் பெருகிய காலத்தில், பணக்கார வீட்டுக் கூத்து மக்களுக்குச் சலித்தது. ஓவியர் ஒரு தந்திரம் செய்தார். திருமணத்திற்குத் தந்தை இசையாததால், டாக்வுட் 28 நாள், 7 மணி, 8 நிமிடம், 22 விநாடி உண்ணாநோன்பிருந்தான் என்று கதையை நடத்தி, 1933 பிப்ரவரி 17-இல் மணம் முடித்து வைத்தார். தந்தை சொத்தில்லை என்று விரட்டிவிட்டார். அன்று முதல் டாக்வுட் மாதச் சம்பளக்காரன். கதையின் புகழும் அன்று முதலே ஓங்கியது. காலையில் அலுவலகத்திற்கு ஓடுபவனின் கதை, ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகிறதன்றோ?

1938-இல் கொலம்பியா நிறுவனம் இதைப் படமாக்கத் துணிந்தது. ஷெர்லி டீன் என்னும் நடிகையே முதலில் தேர்வானார். அவர் நோயுறவே அவ்விடத்திற்கு வந்தவர் பெனி சிங்கிள்டன். இவருக்கு இயற்கையில் கூந்தல் கருநிறம். சாயம் பூசிப் பிளாண்டியானார். டாக்வுட் வேடம் ஏற்ற ஆர்தர் லேக், சர்க்கஸ் கழைக்கூத்தாடிகளின் மகன். வாயிலை விட்டுப் பாய்ந்து தபால்காரர் மேல் மோதிக் கடிதங்களைச் சிதறடிக்கும் காட்சி படந்தோறும் வரும். விழுவது எப்படி என்பது பரம்பரைச் சொத்தாக அவருக்கு வந்திருந்தது போலும்.

பெரும் பொருட்செலவில்லாமல், விரைவாக எடுக்கப்பட்ட சிறு படங்கள் இவை. 1943 வரை பதினான்கு வந்தன. அவற்றுள் இறுதி இரண்டின் தலைப்பில் பிளாண்டி என்னும் பெயரையே நிறுவனத்தார் சேர்க்கவில்லை; பின்னர் தொடரையும் நிறுத்திவிட்டனர். மக்கள் விடவில்லை. 1945-இல் தொடர் மீண்டும் தொடங்கியபோது தலைப்பில் அப்பெயர் வந்து அமர்ந்தது. 1950 வரை இன்னும் பதினான்கு. ஆக மொத்தம் 28. உண்ணாநோன்பின் நாட்கணக்கும் படங்களின் கணக்கும் ஒத்திருப்பது தற்செயலே.

குழந்தையாக நடித்த லாரி சிம்ஸ் முதற் படத்தில் நான்கு வயதுப் பாலகன். இறுதிப் படத்தில் மீசை அரும்பும் இளைஞன். இருபத்தெட்டிலும் அவரே மகன். அண்டை வீட்டுப் பிள்ளை வளர்வதைப் பார்ப்பது போல் மக்கள் அவர் வளர்ச்சியைத் திரையில் பார்த்தார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ரீட்டா ஹேவொர்த், கிளென் ஃபோர்டு இருவரும் 1940-இல் இத்தொடரின் படங்களில் சிறு வேடங்கள் ஏற்றுச் சென்றவர்களே. பிளாண்டி குடும்பத்திற்கென்று காட்டப்பட்ட வீட்டின் முகப்பும் வீணாகவில்லை. 1965-இல் தொடங்கிய 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' தொலைக்காட்சித் தொடரில் பூதப் பெண்ணுடன் விண்வெளி வீரர் வாழ்ந்த வீடு அதுவே!

இவை யாவும் துணுக்குகள். நாம் அடிக்கோடிட விரும்புவது ஒன்றுண்டு. திரையில் இல்லத்தரசியாகப் பன்னிரண்டாண்டு புன்னகைத்த பெனி சிங்கிள்டன், திரைக்குப் பின்னே தொழிற்சங்கப் போராளி. மேடைக் கலைஞர் சங்கத்தின் தலைவராக 1958-இலும் மீண்டும் 1969-இலும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பைச் சேர்ந்த சங்கமொன்றிற்குப் பெண்ணொருத்தி தலைமை ஏற்றது அதுவே முதன்முறை என்பர். இரவு விடுதிகளில் ஆடிப் பிழைக்கும் பெண்கள் சுரண்டப்படுவதைப் பற்றி 1962-இல் செனட் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 1967-இல் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி அரங்கில் வரிசையாக நின்று ஆடும் நடனப் பெண்கள் ஊதிய உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்னின்றவர் இவரே. 2003-இல் மறையும் வரை உலகம் அவரைப் பிளாண்டி என்றே அழைத்தது. அந்த நடனப் பெண்களுக்கோ அவர் வேறொருவர்.

நின்றுபோன இருபத்து நான்காம் அரசன்

மீண்டும் தமிழகத்திற்கு வருவோம். புலிகேசி வென்ற பிறகு அடுத்தவனும் அரியணை ஏறுவான் என்று மக்கள் காத்திருந்தனர். 2017-இல் 'இம்சை அரசன் 24-ஆம் புலிகேசி' தொடங்கவும் செய்தது. ஷங்கருடன் லைக்கா நிறுவனமும் தயாரிப்பில் இணைந்தது. அரண்மனை அமைத்தார்கள், படப்பிடிப்பும் சில நாட்கள் நடந்தது. அதன் பின் நடிகருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே கருத்து வேறுபாடு எழுந்து, விவகாரம் தயாரிப்பாளர் சங்கத்தின் முன் சென்றது. நான்காண்டுகள் இழுத்து, 2021-இல் சமரசம் ஏற்பட்டது. ஆனால் படம் கைவிடப்பட்டது. எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலையன்று. சமரசம் ஆனபின் நடிகர் வேறு படங்களுக்குத் திரும்பிவிட்டார்.

ஆனால் ஒரு கணக்கை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். ஒரு படம் நின்றால் சுவரொட்டியில் முகமுள்ளவர்களுக்கு அடுத்த படம் இருக்கும். தூணுக்கு வண்ணம் தீட்டியவருக்கும், விளக்குத் தூக்கியவருக்கும், கிரீடம் செய்தவருக்கும், உணவு சமைத்தவருக்கும் நாட்கூலி அன்றோடு நிற்கும். ஒப்பந்த வேலைக்கென்று கடல் கடந்து வந்து, வேலை பாதியில் நின்ற துன்பத்தை அறிந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தெட்டுப் படங்கள் ஓடிய குடும்பத்தில் சச்சரவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே கணவன், அதே மனைவி, அதே பிள்ளை, அதே வாயில் என்று ஒவ்வொரு முறையும் எல்லோரும் மீண்டும் வந்து கூடினார்கள். தொடர் என்பது அந்தக் கூடுகைக்குப் பெயர். சித்திரக்காரர் தனியே அமர்ந்து கோடு போடலாம். அந்தக் கோடு எழுந்து நடப்பதற்கு நூறு பேர் கூடி நிற்க வேண்டும். நூறு பேரும் கூடி நிற்க, ஒருவர்க்கொருவர் நம்பிக்கை வேண்டும்.

வேண்டுகோள் ஒன்று

தாய்மார்களும் தந்தையரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புலிகேசியைத் துண்டாக அன்றி முழுமையாகப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். புரியாத சொல் வரும்போது படத்தைச் சற்று நிறுத்திப் பொருள் சொல்லுங்கள். முடிவில் ஓடும் பெயர்களை அணைத்துவிடாமல், இரண்டொன்றையேனும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். தமிழ் எழுத்துப் பயிற்சிக்கும் அது உதவும். உழைத்தவர் பெயரை அறியும் பண்பும் வளரும்.

மேலும் ஒன்று. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஒரு தாளில் நான்கு கட்டமிட்டு, நகைச்சுவைச் சித்திரம் ஒன்று வரைந்து நமது சங்கத்திற்கு அனுப்பலாம். ஜாலி பாய் தீவுக்குப் படகேறும் பயணிகளாயினும் சரி, முற்றத்து நாயாயினும் சரி, வீட்டுத் தாத்தாவாயினும் சரி, பொருள் எதுவும் ஆகலாம். பேச்சு மட்டும் தமிழில் இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைப் பொருட்படுத்த மாட்டோம். நல்லவற்றை வரும் இதழ்களில் வெளியிட எண்ணியுள்ளோம்.

அடுத்த திங்கள், வெள்ளித்திரையில் வந்துபோன இரயில் வண்டிகளின் பின்னணிச் செய்திகளுடன் நேயர்களைச் சந்திப்போம். வண்டியைக் காணாத பிள்ளைகளுக்குத் திரையிலேனும் காட்டுவது நமது கடமையன்றோ!